பலூன் வைக்காமல் விட்டது ஏன்?

கேள்வி:

என் மனைவிக்கு 43 வயது. பாடசாலை ஆசிரியை. சீனி வருத்தம் இல்லை, பிரஷர் இல்லை, கொலஸ்ட்ரோலும் அளவோடுதான் இருந்தது. மாமா, அதாவது அவவின் தகப்பன், இறந்து எட்டுச் செலவு முடிந்த மறுநாள் காலையில் அவவுக்கு நெஞ்சில் பாரமும் இடது தோளில் உளைவும் வந்தன. காஸ்ட்ரிக் என்று நினைத்து அரை நாளைக் கடத்திவிட்டோம். பிறகு கொழும்பிலுள்ள அரச வைத்தியசாலை ஒன்றுக்குக் கொண்டுபோனோம். மாரடைப்பு என்று சொல்லி மறுநாள் அஞ்சியோகிராம், அதாவது சாயம் செலுத்தி நாடிகளைப் படமெடுக்கும் சோதனை, செய்தார்கள். நாடி தானாகக் கிழிந்திருக்கிறது, பலூனோ ஸ்டென்டோ தேவையில்லை, தானாக ஆறும் என்று சொல்லி, ஆறாவது நாள் குளிசைகளோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்த கட்டிலில் இருந்த பெரியவருக்கு வந்த அன்றே ஸ்டென்ட் வைத்தார்கள். கிழிந்த நாடியை ஒட்டாமல் அனுப்புவார்களா என்று சொந்தக்காரர் எல்லோரும் கேட்கிறார்கள். செலவைப் பார்த்து விட்டுவிட்டார்களோ என்று எனக்கும் ஒரு எண்ணம். இலண்டனில் இருக்கும் மச்சான், கத்தி பூட்டிய பலூன் ஒன்று இந்த வருத்தத்துக்கென்றே இருக்கிறது என்று சொல்லி வீடியோ அனுப்பியிருக்கிறார். சென்னைக்குக் கொண்டுபோய் அதைச் செய்விக்கலாமா? இப்போது ஆறு கிழமை ஆகிறது. இடைக்கிடை நெஞ்சில் ஒரு குத்து வருகிறது என்கிறா. மாமாவின் ஆட்டைத் திவசத்துக்கு யாழ்ப்பாணம் போகவேண்டும் என்றும் நிற்கிறா. டயக்னோசிஸ் கார்டின் பிரதியை இணைத்திருக்கிறேன்.

வாசகர், வெள்ளவத்தை.

பதில்:

அன்புடையீர்,

உங்கள் கடிதத்தில் பல கேள்விகள் இருந்தாலும், செலவைப் பார்த்து விட்டுவிட்டார்களோ என்ற அந்த ஒரு வரிதான் உங்களை இரவில் தூங்கவிடாமல் வைத்திருக்கிறது என்று நினைக்கிறேன். அதனால் அதற்கே முதலில் பதில் சொல்கிறேன். நீங்கள் அனுப்பிய கார்டில் மூன்று விடயங்கள் தெளிவாக எழுதப்பட்டிருக்கின்றன. இதயத்தின் முன்சுவருக்குக் குருதி கொண்டுபோகும் இடது முன் இறங்கு நாடியின் கீழ்ப் பாதியில் இரண்டாம் வகைக் கிழிவு, அதாவது நாடி நீளத்துக்கு ஒரே சீராக மெலிந்து தெரியும் வகை. அந்த நாடியில் குருதி ஓட்டம் தரம் 3, அதாவது 0 முதல் 3 வரையான அளவுகோலில் முழுமையான ஓட்டம். அஞ்சியோகிராம் செய்த வேளையில் நெஞ்சு வலி இல்லை. இந்த மூன்றும் ஒன்றாக இருக்கும் ஒருவருக்கு, அவர் எந்த நாட்டின் எந்தத் தனியார் வைத்தியசாலையில் எவ்வளவு பணம் கட்டியிருந்தாலும், இந்த வருத்தத்தை அறிந்த இருதய வைத்திய நிபுணர் பலூனைக் கையில் எடுத்திருக்க மாட்டார். உங்கள் மனைவியைச் சிகிச்சை இல்லாமல் அனுப்பிவிடவில்லை. நாடியைத் தொடாமல் விட்டதே அவருக்குச் செய்யப்பட்ட சிகிச்சை. ஸ்டென்ட் ஒன்றை வைத்துவிட்டு உறவினருக்குப் படத்தைக் காட்டுவதுதான் வைத்தியருக்குச் சுலபமான வழி. கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருப்பதற்கும், அதை வார்டு வாசலில் நிற்கும் கணவருக்கு விளங்கப்படுத்துவதற்கும் கூடுதல் துணிவு வேண்டும். விளங்கப்படுத்தும் பகுதி உங்கள் விடயத்தில் குறைவாக நடந்திருக்கிறது. அந்தக் குறையை இங்கே நிரப்பப் பார்க்கிறேன்.

இதயத்தின் தசைக்கே குருதியைக் கொண்டுபோகும் நாடிகளை முடியுரு நாடிகள் என்று பாடசாலையில் படித்திருப்பீர்கள். மேற்பகுதியில் சுமார் 3 மில்லிமீற்றர் விட்டமுள்ள இந்தக் குழாய்களின் சுவர் மூன்று படைகளால் ஆனது. உங்கள் மனைவிக்கு வந்த, ஆங்கிலத்தில் ஸ்காட் (SCAD) எனப்படும் வருத்தத்தில் இந்தப் படைகளுக்கு நடுவே குருதி புகுந்துவிடுகிறது. கொழும்பில் மாரி மழைக்குப் பிறகு வீட்டுச் சுவரில் பெயின்ற் கொப்புளமாக உப்பி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். வெளியிலிருந்து பார்த்தால் சுவரில் வெடிப்பு எதுவும் தெரியாது, உள்ளே ஈரம் ஊறிப் பெயின்ற் படையைத் தள்ளிக்கொண்டு வந்திருக்கும். நாடியிலும் ஏறக்குறைய அதுதான். சுவருக்குள் உள்ள மிக நுண்ணிய குருதிக்குழாய் ஒன்று கசிந்து, சுவருக்குள்ளேயே குருதி தேங்கி, உட்படையை உள்நோக்கித் தள்ளி, குருதி ஓடும் வழியை நெருக்கிவிடுகிறது. சிலரில் உட்படையில் உண்மையாகவே ஒரு கிழிசல் இருக்கும். பலரில் கிழிசலே தென்படாது, தேங்கிய குருதி மட்டுமே இருக்கும். 'கிழிந்துவிட்டது' என்ற சொல் உங்கள் உறவினரின் மனதில் கிழிந்த துணியையும் ஒட்டவேண்டிய தண்ணீர்க் குழாயையும் கொண்டுவந்து நிறுத்துகிறது. 'சுவருக்குள் குருதி கட்டியிருக்கிறது' என்று சொல்லியிருந்தால் பாதிக் கேள்விகள் எழுந்தே இருக்காது. அடிபட்ட இடத்தில் கண்டிய குருதி நாளடைவில் நீலமாகி, மஞ்சளாகி, பிறகு காணாமல் போவதுபோல, நாடிச் சுவருக்குள் கட்டிய குருதியையும் உடலே உறிஞ்சிக்கொள்ளும்.

இந்த வருத்தம் புதியது அல்ல. 1931 இல் 42 வயதுப் பெண் ஒருவரின் பிரேதப் பரிசோதனையில் கண்டதை ஹரல்ட் பிரெட்டி என்ற பிரித்தானிய வைத்தியர் எழுதிவைத்தார். அதற்குப் பின் பல பத்தாண்டுகளாக இது மிக அரிது என்றே எங்களுக்குக் கற்பிக்கப்பட்டது. உண்மையில் அரிதாக இருந்தது வருத்தம் அல்ல, அதை அடையாளம் காணும் கண். இப்போது தெரிந்த அளவில், 50 வயதுக்குக் குறைந்த பெண்களுக்கு வரும் மாரடைப்புகளில் மூன்றில் ஒன்று வரை இதனால் வரலாம். பாதிக்கப்படுபவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். சீனியும் கொலஸ்ட்ரோலும் இல்லாத, புகைபிடிக்காத நாற்பது வயதுப் பெண்ணுக்கு நெஞ்சு வலி என்றால் இது காஸ்ட்ரிக்தான் என்று வீட்டாரும், சிலவேளை வைத்தியர்களும் முடிவு கட்டிவிடுவதற்குக் காரணம், இந்த வருத்தம் பலருக்குத் தெரியாததே. நீங்கள் அரை நாள் கடத்தியதற்காக உங்களை நொந்துகொள்ள வேண்டாம். ஆனால் உங்கள் மனைவியின் பாடசாலை ஆசிரியர் அறையில் இந்தக் கதையைச் சொல்லிவைப்பது நல்லது.

அடுத்த கட்டிலில் இருந்த பெரியவரின் கதை வேறு. அவருடைய நாடிச் சுவரில் ஆண்டுக்கணக்கில் கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்து, அந்தப் படிவு ஒருநாள் வெடித்து, அதன்மேல் குருதி உறைந்து வழியை அடைத்திருக்கும். 1977 செப்டெம்பர் 16 ஆம் திகதி சூரிச் நகரில் ஆந்திரேயாஸ் குருன்ட்சிக் என்ற வைத்தியர், விழித்திருந்த நோயாளி ஒருவரின் முடியுரு நாடியில் முதன்முதலாகப் பலூனை ஊதியது இந்த மாதிரியான அடைப்பை விரிப்பதற்காகத்தான். கடினமான படிவைச் சுவரோடு அமர்த்தி, மீண்டும் சுருங்காமல் ஸ்டென்ட் என்ற வலைக்குழாயைத் தாங்கலாக வைப்பது அந்த நோய்க்கு மிகப் பொருத்தமான வேலை. உங்கள் மனைவியின் நாடியிலோ அமர்த்துவதற்குப் படிவு இல்லை; மெலிந்த படை ஒன்றும், அதற்குப் பின்னால் திரவமும்தான் இருக்கின்றன. பிள்ளைகள் பாடசாலை வாசலில் வாங்கும் ஐஸ் பக்கற்றை நடுவில் அமர்த்திப் பாருங்கள், உள்ளே இருப்பது இரண்டு முனைக்கும் ஓடும். சுவருக்குள் குருதி தேங்கிய நாடியின் நடுவில் பலூனை ஊதினாலும் அதுதான் நடக்கும்: ஊதிய இடம் திறக்கும், தேங்கிய குருதி மேலும் கீழும் வழுக்கி, அதுவரை நன்றாக இருந்த பகுதியை நெருக்கும்.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை. பல வருடங்களுக்கு முன், நான் இளம் நிபுணராக இருந்தபோது, முப்பதுகளின் இறுதியில் இருந்த தாய் ஒருவரின் அஞ்சியோகிராம் திரையில் ஒரு நாடியைப் பார்த்தேன். வழமையான தடிப்பில் இறங்கிவந்த நாடி ஓரிடத்தில் சட்டென்று நூலாக மெலிந்து, அந்த மெலிவு இரண்டு சென்ரிமீற்றருக்கு மேல் ஒரே சீராகப் போயிருந்தது. மற்றைய நாடிகள் கண்ணாடிபோல் வழுவழுப்பாக இருந்தன. இன்றைக்கு அந்தப் படத்தைக் காட்டினால் மாணவர்கூட இரண்டாம் வகை என்று சொல்லிவிடுவார். நான் நீண்ட கொழுப்புப் படிவு என்று எடுத்துக்கொண்டேன். நோயாளிக்கு வலி அடங்கியிருந்தது, குருதியும் ஓடிக்கொண்டிருந்தது. இருந்தும் பலூனை ஊதினேன். சாயத்தைச் செலுத்திப் பார்த்தபோது, மெலிவு நாடியின் தலைப்பக்கமாக ஏறியிருந்தது. அதற்கு ஒரு ஸ்டென்ட், அதன் விளிம்பில் மீண்டும் மெலிவு, அதற்கு இன்னொன்று, பிறகு மூன்றாவது. அவர் பிழைத்து வீடு போனார். ஆனால் இதயத்தின் முன்சுவர் பழையபடி இயங்கவில்லை. நான் தொடாமல் விட்டிருந்தால் அந்த நாடி இரண்டு மூன்று மாதத்தில் தானாகவே திறந்திருக்கும் என்று இப்போது நம்புகிறேன்.

அந்த நம்பிக்கைக்கு இன்று எண்கள் இருக்கின்றன. கனடாவில் இந்த வருத்தம் வந்த 750 பேரைப் பின்தொடர்ந்து 2019 இல் வெளியிட்ட ஆய்வில், 84 சதவீதமானோருக்கு ஆரம்பத்தில் மருந்து மட்டுமே கொடுக்கப்பட்டது. இந்த வருத்தம் வந்த சிலருக்குப் பின்னர் மீண்டும் அஞ்சியோகிராம் செய்தபோது கிடைத்த படங்களை ஒன்றுசேர்த்துப் பார்த்ததில், முதல் நிகழ்வுக்குப் பின் 30 நாள் கடந்து எடுத்தவற்றில் 95 சதவீதமான கிழிவுகள் தாமாகவே ஆறியிருந்தன. மறுபக்கத்தில், அமெரிக்காவின் மேயோ வைத்திய நிலையம் 2014 இல் தன் அனுபவத்தை வெளியிட்டபோது, இந்த வருத்தத்துக்குச் செய்த பலூன், ஸ்டென்ட் முயற்சிகளில் பாதிக்குமேல் தோல்வியடைந்ததை ஒளிக்காமல் எழுதியிருந்தது. நல்ல ஓட்டம் இருந்த நாடிகளிலும் அந்தத் தோல்வி நேர்ந்திருந்தது. 2018 இல் அமெரிக்க இருதய சங்கமும், ஐரோப்பிய இருதயவியல் சங்கத்தின் ஆய்வுக் குழுவும் தனித்தனியே வெளியிட்ட அறிக்கைகள் இரண்டும், நோயாளி நிலையாக இருந்தால் நாடியைத் தொட வேண்டாம் என்ற ஒரே முடிவுக்கே வந்தன. உங்கள் மனைவியை ஆறு நாள் வார்டில் வைத்திருந்ததும் வீணான தாமதம் அல்ல. தேங்கிய குருதி கூடினால் அது பெரும்பாலும் முதல் கிழமையிலேயே கூடும். அந்த நாட்களைக் கண்காணிப்பில் கழிப்பதுதான் தொடாமல் விடும் சிகிச்சையின் முக்கியப் பகுதி.

அப்படியானால் உங்கள் மச்சான் அனுப்பிய வீடியோ பொய்யா என்றால், இல்லை. தொடாமல் விட முடியாத நோயாளிகளும் இருக்கிறார்கள். வலி அடங்காமல் தொடர்பவர், நாடி முழுதாக அடைபட்டு இதயத் தசை இறந்துகொண்டிருப்பவர், குருதி அமுக்கம் விழுந்து அதிர்ச்சி நிலைக்குப் போனவர், ஆபத்தான இதயத் துடிப்புக் கோளாறு வந்தவர், இடது பிரதான நாடியிலேயே கிழிவு வந்தவர் ஆகியோருக்கு, ஆறும்வரை காத்திருக்க நேரம் கிடையாது. அவர்களில் சிலருக்குப் பைபாஸ் சத்திரசிகிச்சை தேவைப்படும். மற்றையோருக்கு நாடிக்குள் போகத்தான் வேண்டும். ஆனால் போகும் விதம் பெரியவருக்குச் செய்ததைப் போன்றது அல்ல.

அதைக் கொஞ்சம் அருகில் நின்று பாருங்கள். நாடிக்குள் குழாய் விட்டுச் சிகிச்சை செய்யும் அறையான கத் லேப்பில் முதல் ஆபத்து பலூனுக்கு முன்பே வருகிறது. குழாயின் நுனி நாடி வாயில் சற்று அழுத்தமாக இருந்தாலும், சாயத்தைச் சற்று வேகமாகத் தள்ளினாலும், ஏற்கெனவே இளகிய சுவரில் புதுக் கிழிவு வரலாம். அதனால் கை மிக மெதுவாக வேலை செய்யும். பிறகு 0.36 மில்லிமீற்றர் தடிப்புள்ள மெல்லிய கம்பியை உள்ளே விடவேண்டும். உட்படையில் கிழிசல் இருந்தால், கம்பி உண்மையான வழியை விட்டு, சுவருக்குள் உருவான பொய் வழியில் இறங்கிவிடக்கூடும். அங்கே பலூனை ஊதினால் உண்மையான வழி முற்றாக மூடிவிடும். கம்பி எங்கே இருக்கிறது என்பதைச் சாயப்படம் மட்டும் வைத்து முடிவுசெய்ய முடியாது. நாடிக்குள்ளே செல்லும் மீயொலிக் கருவியாலோ, ஒளியால் படமெடுக்கும் ஓசிடி கருவியாலோ பார்த்து உறுதிசெய்ய வேண்டும். ஓசிடி மிகத் துல்லியமாகக் காட்டும், ஆனால் அதற்குச் சாயத்தை அழுத்தித் தள்ளவேண்டும். மீயொலிக்கு அது வேண்டாம், ஆனால் அதன் படம் கரடுமுரடானது. எதை எடுப்பது என்பதே அந்த நேரத்துத் தீர்ப்பு.

கம்பி சரியான வழியில் இருப்பது உறுதியான பின், சிலவேளை மிகச் சிறிய சாதாரண பலூனைக் குறைந்த அமுக்கத்தில் ஒருமுறை ஊதினாலே ஓட்டம் திரும்பிவிடும். திரும்பாவிட்டால்தான் மச்சான் சொன்ன வெட்டும் பலூன். அதன் மேற்பரப்பில், நீளவாட்டில், மூன்று அல்லது நான்கு நுண்ணிய அலகுகள் பொருத்தப்பட்டிருக்கும். அலகின் உயரம் ஒரு மில்லிமீற்றரின் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. சுருங்கிய நிலையில் பலூனின் மடிப்புக்குள் அலகுகள் ஒளிந்திருக்கும், ஊதும்போதுதான் வெளியே வரும். கடினமான படிவை ஒழுங்காகப் பிளக்கவென்று செய்யப்பட்ட இந்தக் கருவியை இங்கே வேறொரு வேலைக்குப் பயன்படுத்துகிறோம்: உட்படையில் சிறு கீறல்கள் போட்டு, சுவருக்குள் அடைபட்டிருக்கும் குருதியை நாடியின் ஓட்டத்துக்குள்ளேயே வடியவிடுகிறோம். ஐஸ் பக்கற்றை அமர்த்துவதற்குப் பதிலாக அதில் ஊசியால் குத்துவதைப்போல. நாடியின் உண்மையான விட்டத்தை விடச் சிறிய பலூனைத் தெரிந்து, குறைந்த அமுக்கத்தில், சில வினாடிகள் மட்டும் ஊதுவார்கள். அளவில் தவறினால் அலகு மூன்று படைகளையும் கடந்து நாடியைத் துளைத்துவிடும்; இதயத்தைச் சுற்றிய பைக்குள் குருதி நிறைந்து உயிருக்கு ஆபத்தாகும். குருதி வடிந்து ஓட்டம் திரும்பிய மறுகணம் நிறுத்திவிட வேண்டும். படம் இன்னும் அழகாக இல்லையே, அரைவாசி நெருக்கம் மிஞ்சியிருக்கிறதே என்று ஊதிக்கொண்டு போவதுதான் எங்கள் தொழிலில் பழகிப்போன கைக்கு வரும் சோதனை. இங்கே இலக்கு ஓட்டம் மட்டுமே. மிச்சத்தை உடல் பார்த்துக்கொள்ளும்.

ஸ்டென்ட்டைத் தவிர்க்க இவ்வளவு பாடுபடுவது ஏன் என்று கேட்பீர்கள். சுவருக்குள் குருதி தேங்கிய பகுதி நீளமானது. அதை மூட நீண்ட ஸ்டென்ட்டோ பலவோ வேண்டும், அவற்றின் விளிம்புக்கு அப்பால் தேங்கிய குருதி தள்ளப்படும். பின்னர், சில மாதங்களில் தேங்கிய குருதி உறிஞ்சப்பட்டு நாடி தன் பழைய அகலத்துக்கு வரும்போது, நெருங்கியிருந்த வேளையில் அளந்து வைத்த ஸ்டென்ட் சுவரைத் தொடாமல் தொளதொளவென்று நிற்கும். அங்கே குருதி உறையும் ஆபத்து நெடுநாள் இருக்கும். வெட்டும் பலூன் எதையும் உள்ளே விட்டுவிட்டு வருவதில்லை என்பதுதான் அதன் கவர்ச்சி. ஆனால் இதன் பயனைக் காட்டுவது தனித்தனி நோயாளிகளின் அறிக்கைகளும் சிறு தொகுப்புகளும் மட்டுமே. வீடியோவில் நன்றாக முடிந்த நாடியைத்தான் காட்டுவார்கள். நல்ல கருவி, ஆனால் வேறு வழி இல்லாத நேரத்துக்கான கருவி.

ஆகவே சென்னைப் பயணத்தை விட்டுவிடுங்கள். அங்கே சிறந்த இருதய வைத்தியர்கள் இருக்கிறார்கள்; அவர்களில் சிறந்தவரும் இந்தக் கார்டை வாசித்துவிட்டு இதையே சொல்வார். ஆறு கிழமை கழித்து ஓட்டம் நன்றாக உள்ள நாடியில் வெட்டுவதற்கு எதுவும் மிஞ்சியிருக்காது. அங்கே மீண்டும் செய்யப்படும் அஞ்சியோகிராமில் குழாயின் நுனியால் புதுக் கிழிவு வந்தால், இல்லாத வருத்தத்தை நாமே விலைக்கு வாங்கியதாகும். ஆறிவிட்டதா என்று பார்க்க வேண்டுமென்றால், சில மாதங்களின் பின் சிடி அஞ்சியோகிராம் போதுமா என்று கிளினிக்கில் கேளுங்கள். அவருடைய கிழிவு நாடியின் கீழ்ப் பாதியில் இருப்பதால் சிடியில் அது தெளிவாகத் தெரியாமலும் போகலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். சென்னைக்கு வைத்த பணத்தில் ஒரு பகுதியை வேறொரு சோதனைக்கு வைத்துக்கொள்ளலாம். இந்த வருத்தம் வந்த பெண்களில் கணிசமானோருக்கு, கழுத்து, சிறுநீரகம், மூளை ஆகியவற்றுக்குப் போகும் நாடிகளின் சுவரிலும் ஃபைப்ரோமஸ்குலர் டிஸ்பிளேசியா என்ற கோளாறு இருக்கும். தலையிலிருந்து இடுப்புவரை நாடிகளை ஒருமுறை ஸ்கேன் செய்து பார்க்கும்படி மேற்சொன்ன அறிக்கைகள் பரிந்துரைக்கின்றன. கார்டில் அதைப் பற்றி எதுவும் இல்லை. அடுத்த கிளினிக்கில் நீங்கள் கட்டாயம் எழுப்பவேண்டிய கேள்வி இதுதான்.

குளிசைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அஸ்பிரினும் பிசோப்ரோலோலும் கொடுத்திருக்கிறார்கள். இரண்டாவது, பீட்டா புளொக்கர் வகை மருந்து. நாடியில் மோதும் விசையைக் குறைப்பதே அதன் வேலை. 327 நோயாளிகளைச் சராசரியாக மூன்று ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்றில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குக் கிழிவு மீண்டும் வந்தது. உயர் குருதி அமுக்கம் இருந்தவர்களுக்கு அந்த ஆபத்து இரு மடங்குக்கும் அதிகம். பீட்டா புளொக்கர் எடுத்தவர்களுக்கு அந்த ஆபத்து, எடுக்காதவர்களுக்கு இருந்ததில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். களைப்பாக இருக்கிறது என்று அதைத் தாமாக நிறுத்த விடாதீர்கள். கொலஸ்ட்ரோல் குளிசை கொடுக்காததும் மறதியால் அல்ல. கொழுப்பால் வராத வருத்தத்துக்கு அது தேவையில்லை. கருத்தடைக் குளிசையோ ஓமோன் மருந்தோ எடுப்பவராக இருந்தால் அதை வைத்தியருக்குச் சொல்லுங்கள். மீண்டும் கருத்தரிப்பதைப் பற்றிய எந்த யோசனையையும் நிபுணரோடு பேசாமல் எடுக்க வேண்டாம்.

எட்டுச் செலவுக்கு மறுநாள் வந்ததே, துக்கம்தான் நாடியைக் கிழித்ததா என்று நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை. ஆனால் அந்த வரியை எழுதியிருக்கிறீர்கள். கனடா ஆய்வில் பாதிப்பேர் நிகழ்வுக்கு முன் கடும் மன அழுத்தம் இருந்ததாகச் சொன்னார்கள். துக்கத்தில் பெருகும் அட்ரினலின், பலவீனமான சுவருக்குக் கடைசி உந்துதலாக இருந்திருக்கலாம். ஆனால் எத்தனையோ மகள்மார் தகப்பனைப் பறிகொடுத்தும் நாடி கிழியாமல் இருக்கிறார்கள். சுவரின் பலவீனம் ஏற்கெனவே இருந்ததுதான். அழுதபடியால் வந்தது, இனி அழாதே என்று யாரும் அவரிடம் சொல்லவேண்டாம். இதே வருத்தம் வந்தவர்களில் பலர் பின்னர் பயத்தாலும் மனச் சோர்வாலும் வாடுகிறார்கள். அதற்கு உதவி தேவைப்பட்டால் அதையும் இருதய கிளினிக்கிலேயே சொல்லலாம்.

இடைக்கிடை வரும் குத்து பெரும்பாலும் ஆறும் காலத்தில் பலருக்கு வருவது. ஆனால் எது சாதாரணம், எது அல்ல என்பதை வீட்டில் யாரும் தீர்மானிக்க வேண்டாம். முதல் நாள் வந்தது போன்ற பாரம் பத்து நிமிடத்துக்குமேல் நின்றாலோ, வியர்வை, மூச்சுத் திணறல், தலைச்சுற்று சேர்ந்து வந்தாலோ உடனே 1990 சுவசெரிய அம்பியுலன்ஸை அழையுங்கள். காலி வீதி நெரிசலில் முச்சக்கர வண்டி தேடி நிற்க வேண்டாம். டயக்னோசிஸ் கார்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு அவருடைய கைப்பையிலேயே வையுங்கள், படமொன்றை உங்கள் கைப்பேசியிலும் வையுங்கள். காரணம் இருக்கிறது. மாரடைப்பு என்று இசிஜியில் தெரிந்ததும், கத் லேப் இல்லாத வைத்தியசாலையில் குருதிக் கட்டியைக் கரைக்கும் ஊசி போடுவது முறையான சிகிச்சை. சாதாரண மாரடைப்பில் அது உயிர் காக்கும். இந்த வருத்தத்திலோ சுவருக்குள் கசிவை அது கூட்டக்கூடும். பழைய கிழிவைப் பற்றிய தகவல் வைத்தியரின் கையில் இருந்தால்தான் அவர் நிதானித்து முடிவெடுக்க முடியும்.

நடக்கலாம், நடக்கவேண்டும். மாலையில் மரைன் டிரைவில் மெதுவாகத் தொடங்கி, கிளினிக்கில் சொல்லும் அளவுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம். மூச்சைப் பிடித்துத் தூக்கும் வேலைகள்தான் கூடாது. 12.5 கிலோ காஸ் சிலிண்டரை நகர்த்துவது இனி உங்கள் வேலை. படிப்பித்தலுக்குத் திரும்புவதைப் பற்றி நிபுணரோடு பேசுங்கள். எல்லாம் சீராக இருந்தால் அது தடைப்படத் தேவையில்லை.

ஆட்டைத் திவசத்துக்கு இன்னும் பல மாதங்கள் இருக்கின்றன. அதுவரை கிளினிக்கில் எல்லாம் ஒழுங்காகப் போனால் அவர் போகட்டும்; தகப்பனின் காரியத்துக்குப் போகாமல் கொழும்பில் இருந்து ஏங்குவது அவருக்கு நல்லது என்று நான் நினைக்கவில்லை. ரயிலில் ஆசனம் பதிந்து போங்கள், இடையில் எழுந்து நடக்கட்டும். யாழ் போதனா வைத்தியசாலையில் இருதய சிகிச்சைப் பிரிவு இருக்கிறது என்பதையும் கார்டு கைப்பையில் இருக்கிறது என்பதையும் கூடப்போகிறவர்கள் அறிந்திருக்கட்டும். அங்கே கிணற்றில் தண்ணீர் அள்ளுவதையும், படையலுக்குச் சமைத்த பெரிய பானையை இறக்குவதையும் வேறு யாராவது செய்யட்டும். அன்றைக்கு அவர் விரதம் இருந்தாலும், காலைக் குளிசையை ஒரு மிடறு தண்ணீரோடு விழுங்கச் சொல்லுங்கள்.